ஒண்ணு எப்பவும் வராது

அக்கா தூங்கிவிட்டாள். குடும்பம் கூடி எழுதிய தீர்ப்பு அது. வாயைத் திறந்து சொன்னவர் சித்தப்பா ஒருவர்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே ஆமோதித்தார்கள். "பாவம், அவளும் மனுஷிதானே, அசந்திருப்பா" என்றார் சித்தப்பா. இப்படிப் பாவம் பார்க்க நாலு பேர் இருந்தால் போதும், எதிரி என்று தனியாக ஒருவன் வேண்டாம்.

"நான் தூங்கல" என்றாள் அக்கா. "சமையலறை மேஜையிலதான் உக்காந்து பட்டாணி உரிச்சிட்டிருந்தேன். பேச்சுப்பெட்டி கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. அதுலேருந்து ஒரு வார்த்தை வரல. அப்பப்ப டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு. அவ்வளவுதான்."

"கடிகாரமா இருக்கும்மா" என்று சித்தப்பா அதையும் முடித்துவைத்தார்.

தம்பிக்காரன் கதவோரம் சாய்ந்து நின்றான். ஒரு வார்த்தை அக்காவுக்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் பெட்டி அவனுடையது. அவன் கம்பெனியில் செய்தது, அவன் கொண்டுவந்து மாட்டியது, அதற்குள் ஒலியை ஓட்டுகிற நிரலை எழுதியதும் அவன்தான். பெட்டியில் கோளாறு இல்லை என்று அவனுக்குத் தெரியும். பெட்டி சரி என்றால் மிச்சம் யார்? அக்காதான். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது அவனுக்கு.

நடந்தது இது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து ஏழு மாதம். பேச்சில் ஒரே ஒரு எழுத்துதான் மிஞ்சியது. மகளைப் பிறந்ததிலிருந்து "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதில் முன்பாதியை நோய் கொண்டுபோக, "மா" மட்டும் நின்றது. மாடி அறையில் படுக்கை, கீழே சமையலறை. அரைமணிக்கு ஒருமுறை அக்கா படியேறிப் பார்த்துவிட்டு வருவாள். முழங்கால் தேய்கிறதே என்று தம்பிதான் இரண்டு பேச்சுப்பெட்டிகளைக் கொண்டுவந்து, மேலே ஒன்று கீழே ஒன்று வைத்தான். மேலே யார் குரல் எழுப்பினாலும் கீழே கேட்கும். "இனிமே சும்மா சும்மா ஏறி எறங்காதக்கா. கூப்பிட்டா போ, போதும்." அவளும் கேட்டுக்கொண்டாள். தம்பி படித்தவன் அல்லவா.

பெட்டி வந்த ஒன்பதாம் நாள், மூன்றரை மணிக்கு மருந்து கொடுக்கப் போனவள், அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முகம் புதையச் சரிந்து கிடப்பதைப் பார்த்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு அரைமணி முன்னாடி யாராவது தூக்கி நிமித்தியிருந்தா..." என்று ஆரம்பித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. முடிக்காத அந்த வாக்கியத்தை ஆளாளுக்கு முடித்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அக்கா பகலில் உட்காருவதில்லை. நின்றபடி சாப்பிட்டாள், நின்றபடி துணி மடித்தாள். உட்கார்ந்தால் யாராவது பார்த்து, இதோ அசந்துவிட்டாள் என்பார்களோ என்று.

தம்பி ஐந்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டான். அழவில்லை. அடக்கிக்கொண்டான் என்றெல்லாம் நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன், வரவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டில் மனைவி உப்புப் போட மறந்த நாளன்றும் தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்தான். "உப்பு இல்லன்னு சொல்லக்கூடாதா?" என்று அவள் கேட்டபோது, "இல்லையா?" என்றான். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் உதடு இருக்கிற இடம் தெரியாதே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது.

அவன் வேலையைச் சொல்ல வேண்டும். டிரைவர் எழுதுகிறவன். சித்தப்பா இன்றுவரை அவன் ஏதோ வண்டிக் கம்பெனியில் இருப்பதாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டரின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று உண்டு. அதற்குள் உட்கார்ந்து, ஒலியை வாங்கி ஒலிபெருக்கிச் சிப்புக்கு அனுப்புகிற நிரல்தான் டிரைவர். உள்ளே ஒரே சமயத்தில் பல வேலைகள் நடக்கும். வந்த குரலை வரிசையில் நிறுத்துவது ஒரு வேலை, சிப்பை எழுப்புவதும் தூங்கவைப்பதும் இன்னொரு வேலை. இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் கைவைத்தால் குளறுபடி. அதற்காக ஒரு பூட்டு. பூட்டை எடுத்தவன் வேலை செய்வான், மற்றவன் வெளியே நிற்பான்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன் சொல்லும் பாடம் ஆபீஸில் பிரசித்தம். "ஒரே கக்கூஸ் இருக்கற வீடுன்னு நெனச்சுக்கோ. உள்ள போனியா, வேலைய முடிச்சியா, வெளிய வந்துடணும். பேப்பர் படிக்க உக்காரக் கூடாது. வெளிய ஒருத்தன் வயித்தப் புடிச்சிட்டு நிக்கறான்." பூட்டைப் பிடித்தபடி எதற்காகவும் காத்திருக்காதே என்று பெரிய எழுத்தில் அச்சடித்துத் தன் மேஜைக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தான். அதனாலேயே அவனுக்குப் பூட்டு சார் என்று பெயர். பிறர் எழுதிய நிரலில் பூட்டுக்குள் ஐந்து மில்லிசெகண்ட் தாமதம் இருந்தாலும் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவான்.

ஆபீஸில் இன்னொரு வழக்கமும் இருந்தது. புது நிரல் ஏற்றியதும் ஒருவர் ஒரு பெட்டி முன்னால் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்பார். அடுத்த அறையில் இன்னொரு பெட்டியருகே நிற்பவர், கேட்டால் சரி என்று குறித்துக்கொள்வார். அவருக்குக் கேட்பது எப்போதும் "ரெண்டு, மூணு, நாலு". முதலில் வந்த காலத்தில் யாராவது, "ஒண்ணு வரலியே" என்பார்கள். "ஒண்ணு எப்பவும் வராது" என்று பதில் வரும். சிப் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க நேரம் ஆகும், அது அப்படித்தான். நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஒண்ணு வராததை யாரும் குறையாக எழுதவில்லை. விவரமானவர்கள் இரண்டு தடவை ஒண்ணு சொல்லிவிட்டு ஆரம்பித்தார்கள். கெட்டிக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் எவ்வளவு பெரிய ஓட்டையையும் வாசல் என்று சொல்லிப் பழகிவிடுவார்கள்.

அப்பா போன இருபத்து மூன்றாம் நாள், சோதனை செய்கிற பெண் ஒருத்தி அவன் மேஜைக்கு வந்து நின்றாள். அவளுக்குச் சத்தம் என்று பட்டப்பெயர். பக்கத்துக் கட்டடம் வரை கேட்கிற தொண்டை. அன்று அந்தத் தொண்டை கட்டிப்போய், வெறும் காற்றுதான் வந்தது. காலையிலிருந்து ஆபீஸே அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்ன?" என்றான் பூட்டு சார்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். பெட்டியைச் சோதிக்கப் போனேன். ஒண்ணு ரெண்டு சொல்ல முடியவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி சொன்னேன். ஆறு தடவை. ஆறு தடவையும் டிக் என்ற சத்தம் மட்டும் வந்ததாம்.

அவன் தாளைப் படித்தான். மறுபடி படித்தான்.

"என்ன சத்தம்னு எழுதியிருக்க?"

"டிக்" என்று அவள் காற்றாகச் சொன்னாள். "ஸ்பீக்கர் ஆன் ஆகற சத்தம் சார். எப்பவும் வர்றதுதான். பேச்சு வந்தா அதுல அமுங்கிடும்."

"சரி. வெச்சுட்டுப் போ."

அவள் போகவில்லை. அவன் முகத்தில் என்ன பார்த்தாளோ, தன் தண்ணீர்ப் பாட்டிலை அவன் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அவன் நிரலைத் திறந்தான். தேட வேண்டியிருக்கவில்லை. சிப்பை எழுப்புகிற இடம். முதல் வரியில் பூட்டை எடுக்கிறது. அடுத்த வரியில் சிப்பை எழுப்புகிறது. பிறகு, எழுந்துவிட்டாயா, எழுந்துவிட்டாயா என்று இருபது மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கேட்டபடி நிற்கிறது. ஐம்பது தடவை வரை கேட்கலாம் என்று எழுதியிருந்தது. எழுந்த பிறகுதான் பூட்டை விடுகிறது. அந்தப் பூட்டுதான் வந்த குரலை வரிசையில் நிறுத்துவதற்கும் வேண்டியது. எனவே சிப் கொட்டாவி விட்டு எழுந்திருக்கிற முக்கால் செகண்டில் வருகிற குரலுக்கு உட்கார இடமில்லை. வந்த வழியே உதிர்ந்துபோகும். நீளமாகப் பேசினால் தலை மட்டும் போகும். சின்னச் சத்தம் என்றால் முழுசாகப் போகும். பிடித்தவன் தூங்க, அதாவது காத்து நிற்க, அனுமதி இல்லாத வகைப் பூட்டாக இருந்திருந்தால் கெர்னலே கூச்சல் போட்டுக் காட்டிக்கொடுத்திருக்கும். இது பிடித்தபடி தூங்கினாலும் கேள்வி கேட்காத வகை. அதனால் நாலு வருஷம் யாரும் கூச்சல் போடவில்லை.

அந்த வரிகளுக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. தற்காலிகம், வெளியீடு முடிந்ததும் இந்தக் காத்திருப்பைப் பூட்டுக்கு வெளியே எடுக்க வேண்டும் என்று. கீழே அவன் முதலெழுத்து, நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிய மகானுபாவன், தன் வீட்டுக் கக்கூஸில் பேப்பர் படிக்க உட்கார்ந்து நாலு வருஷம் எழுந்திருக்கவே இல்லை.

பெட்டிகள் எல்லாம் தினமும் தங்கள் பதிவுகளை ஆபீஸுக்கு அனுப்பும். அக்கா வீட்டுச் சமையலறைப் பெட்டியும் அனுப்பியிருந்தது. இருபத்து மூன்று நாளாக அது அங்கேயே இருந்தது. இரண்டு தட்டலில் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை. இப்போது திறந்தான்.

மேலே குரல் எழும்போது மட்டும்தான் கீழே சிப் எழும். ஐந்து செகண்ட் அமைதி இருந்தால் மறுபடி தூங்கிவிடும். மற்ற எட்டு நாட்களிலும் எழுந்த பிறகு பேச்சு ஓடியதற்கான வரிகள் இருந்தன. அப்பா வழக்கமாக விடாமல் கூப்பிடுகிறவர்: மா, மா, மா. முதலாவது உதிர்ந்தாலும் மூன்றாவது வந்து சேர்ந்திருக்கிறது. கடைசி நாளில் அவருக்கு மூச்சு இல்லை. ஒன்று கூப்பிட்டுவிட்டு, அடுத்ததற்கு நிமிஷக்கணக்கில் மூச்சைச் சேர்த்திருக்கிறார். மத்தியானம் இரண்டு பத்துக்கு சிப் எழுந்தது, பேச்சு இல்லை, தூங்கியது. இரண்டு பதிமூன்றுக்கு எழுந்தது, தூங்கியது. அவன் விரலை வைத்து எண்ணினான். பதினொன்று. கடைசியாக எழுந்தது இரண்டு நாற்பத்தெட்டுக்கு.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விசித்திரம். அழுகை வரும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் வைத்துவிட்டுப் போன தண்ணீரைக் குடித்தான். பிறகு நிரலைத் திருத்த ஆரம்பித்தான்.

திருத்தம் இருபத்தாறு வரி. பூட்டை எடு, எழுப்பும் வேலை நடக்கிறது என்று குறித்து வை, பூட்டை விடு. சிப்புக்காகக் காத்திருப்பதை வெளியே வைத்துக்கொள். அதுவரை வருகிற குரல் தாராளமாக வரிசையில் நிற்கட்டும். சிப் எழுந்ததும் மறுபடி பூட்டை எடு, நிலைமை மாறியிருக்கிறதா என்று பார், வரிசையில் நிற்பதை முதலிலிருந்து அனுப்பு, பூட்டை விடு. முன்பு முக்கால் செகண்ட் பிடித்திருந்த பூட்டு, இப்போது ஒரு மில்லிசெகண்டுகூட இல்லை. ஒன்றரை மணிநேர வேலை. நாலு வருஷமாகத் தள்ளிப்போட்ட ஒன்றரை மணிநேரம்.

சத்தம் என்கிற அந்தப் பெண் பெட்டி முன்னால் போய் நின்று "ம்" என்றாள். அடுத்த அறையில் அவன் காதில், முக்கால் செகண்ட் தாமதமாக, முழுசாக "ம்" என்று வந்தது. டிக் அதில் அமுங்கிப்போனது. அவள் ஓடிவந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். "எல்லா வீட்டுப் பெட்டிக்கும் சாயங்காலமே அனுப்பிடலாம். குறை அறிக்கை எழுதும்போது, தப்பு என்னோடதுன்னு என் பேரையே போட்டுடு" என்றான். அவள் தலையாட்டினாள்.

பஸ்ஸில் போகும்போது அவன் நினைத்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று நினைத்தான். அக்கா தூங்கவில்லை. அதற்கு மணி, நிமிஷம், செகண்டோடு சாட்சி இருக்கிறது. அவள் மேல் விழுந்த பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம். நாளைக்கே சித்தப்பா வீட்டுக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்லலாம். திட்டுவார்கள், திட்டட்டும். யாராவது திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அக்கா சமையலறையில் அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மேஜையருகே அந்த நாற்காலி, உள்ளே தள்ளியபடி கிடந்தது.

"இந்நேரத்துல எங்கடா வந்த? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அக்கா, நீ இங்கயே நில்லு. பெட்டியப் பாத்துக்கிட்டே இரு. நான் மேல போய்ட்டு வரேன்."

இந்தப் பெட்டியில் இன்னும் பழைய நிரல்தான் இருந்தது. மாடி அறையில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அவன் கட்டிலருகே நின்று, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு தடவை "மா" என்றான். இறங்கி வந்தான்.

அக்கா பெட்டியைவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றிருந்தாள்.

"அதேதான்டா" என்றாள். "டிக்னு. அன்னிக்கு வந்த அதே சத்தம். நீ மேல என்ன பண்ணின?"

"மான்னு கூப்பிட்டேன்."

"கேக்கலியே."

"கேக்காது. அது என் தப்பு. பெட்டி வெச்ச அன்னிக்கு ஞாபகம் இருக்கா? நான் மேல நின்னு ஒண்ணு ரெண்டு சொன்னேன். நீ கீழேருந்து, ஒண்ணு வரலடான்னு கத்தின. ஒண்ணு எப்பவும் வராதுக்கான்னு நான் சிரிச்சேன்."

"ஆமா."

"அது வந்திருக்கணும். நான் சரியா எழுதியிருந்தா வந்திருக்கும். நாலு வருஷம் முன்னாடி அவசரத்துல எழுதினேன், அப்புறம் மாத்தலாம்னு விட்டுட்டேன். நீ தூங்கல அக்கா. நீ சொன்னது அத்தனையும் நிஜம். பெட்டியே பதிஞ்சு வெச்சிருக்கு. நாளைக்கு சித்தப்பா வீட்டுல போய் சொல்லப்போறேன்."

சொல்லிவிட்டு நின்றான். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவள். அவள் அடிக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ," என்று மெதுவாகக் கேட்டாள், "அப்பா கூப்பிட்டாரா?"

பஸ்ஸில் முக்கால் மணிநேரம் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை.

"அவர் கூப்பிடவே இல்லன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்டா. கண் மூடித் தெறக்கறதுக்குள்ள போயிட்டாரு, வாயத் தெறக்கக்கூட நேரம் இல்லன்னு. கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே, நான் முழிச்சுட்டுத்தானே இருந்தேன்னு. யாரு என்ன சொன்னாலும் அத நெனச்சுட்டுத்தான் ராத்திரி படுத்தேன், இத்தன நாளும்." அவன் பக்கம் திரும்பினாள். "எத்தன தடவ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவனுக்கு எண்ணில் பொய் சொல்லிப் பழக்கமில்லை, பாவி.

"பதினொண்ணு."

அக்கா நாற்காலியை இழுத்தாள். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு, பட்டப்பகலில், அந்த மேஜையில் உட்கார்ந்தாள். உள்ளங்கைகள் இரண்டையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பதினொரு டிக்கையும் அவள் ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அன்று எத்தனை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள் என்றுகூட அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அவள் அழவில்லை. இத்தனை நாள் அவனுக்கு இருந்த அந்த மரத்த முகம் இப்போது அவளுக்கும் வந்துவிட்டது.

"மத்தவங்க வீட்டுப் பெட்டி எல்லாம்?" என்று கேட்டாள்.

"இன்னிக்கே சரியாயிடும்."

"நல்லது."

உள்ளங்கைகளை மேஜையிலிருந்து எடுக்காமலே, "சித்தப்பா வீட்டுக்குப் போகாத" என்றாள்.

"ஏன்க்கா? உன் மேல இல்லாத பழிய..."

"நான் தூங்கிட்டேன்னே இருக்கட்டும்டா. அவர் பதினொரு தடவ கூப்பிட்டாருன்னு இன்னொருத்தருக்குத் தெரிய வேணாம். உனக்கும் எனக்கும் தெரிஞ்சது போதும்."

அப்போதுதான் அவனுக்கு வலித்தது. இருபத்து மூன்று நாளாக எங்கேயோ நின்றிருந்தது மொத்தமாக வந்து இறங்கியது. எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா, சரின்னு சொல்லு."

"சரிக்கா" என்றான்.